304 தகடு வளையும்போது உள்ளே நடப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது எப்படி?

சமையலறை சிங்க் ஒன்றின் தட்டையான அடிப்பகுதியில் சின்னக் காந்தத்தை வைத்தால் ஒட்டாது. அதே காந்தத்தை மூலை வளைவில் வைத்தால் லேசாகப் பிடிக்கும். இரண்டும் ஒரே 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுதான். மூலையில் உலோகம் அதிகம் இழுபட்டதால் அங்கே அணுக்களின் அடுக்குமுறையே மாறிவிட்டது. (பாத்திரக் கடையில் “காந்தம் ஒட்டினால் போலி” என்று சோதிப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. நிக்கல் குறைந்த 200 வரிசைத் தகடும் வளைக்காத இடத்தில் காந்தத்தில் ஒட்டாது. காந்தத்தை வைத்து 304-ஐ அடையாளம் காண முடியாது.)

இந்த மாற்றத்தைப் படிப்படியாகப் பார்க்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டியதில்லை. கல்லூரி மெட்டலர்ஜி ஆய்வகத்தில் இருக்கும் ஆப்டிகல் மைக்ராஸ்கோப், பாலிஷ் சக்கரம், ஒரு டிசி பவர் சப்ளை, இவை போதும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. எமரி தாளில் தேய்ப்பதும் உலோகத்தை உருக்குலைக்கிற வேலைதான். புதியவர்கள் “இதோ ஸ்லிப் கோடு” (அணுத் தளங்கள் நழுவியதால் விழும் கோடு) என்று படமெடுப்பதில் பல, அவர்களே தேய்த்து உண்டாக்கியவை. அதனால் இங்கே பாலிஷுக்குத்தான் அதிக இடம்.

எதைத் தேடுகிறோம்

304-இல் 18 முதல் 20 சதவீதம் குரோமியம், 8 முதல் 10.5 சதவீதம் நிக்கல் இருக்கும். அறை வெப்பத்தில் அது ஆஸ்டனைட். கனசதுரத்தின் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அணு இருக்கும் அமைப்பு அது. கனசதுரத்தின் பக்கம் சுமார் 0.36 நானோமீட்டர். அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்ட தளங்கள் நான்கு, ஒவ்வொன்றிலும் சறுக்கும் திசைகள் மூன்று. ஆக 12 வழிகளில் ஸ்லிப் நடக்கலாம். இழுவிசைக்குச் சாதகமாகச் சாய்ந்திருக்கும் தளம் முதலில் நழுவும்.

ஒரு தளம் முழுவதும் ஒரே நேரத்தில் நழுவுவதில்லை. டிஸ்லொகேஷன் என்ற கோட்டுக் குறை ஒன்று தளத்தின் குறுக்கே நகர்ந்து போகிறது. அது மேற்பரப்பில் வெளியேறும்போது சுமார் 0.25 நானோமீட்டர் படி ஒன்றை விட்டுச் செல்கிறது. ஒரே தளத்தில் ஆயிரம் டிஸ்லொகேஷன் வெளியேறினால் படி கால் மைக்ரான் ஆகிவிடும். அது ஆப்டிகல் மைக்ராஸ்கோப்பில் கோடாகத் தெரியும். டிஸ்லொகேஷன் என்ற கருத்தை 1934-இல் டெய்லர், ஒரோவான், போலான்யி மூவரும் தனித்தனியே முன்வைத்தார்கள். 1956-இல் பொல்மான் அவற்றை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் படலத்தில்தான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தனித்து நடந்துகொள்வதற்குக் காரணம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. 304-இல் ஒரு டிஸ்லொகேஷன் இரண்டு பாதிகளாகப் பிரிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் அணு அடுக்கு வரிசை தவறியிருக்கும். இதுதான் அடுக்குப் பிழை. பிழையைத் தாங்க வேண்டிய ஆற்றல் 304-இல் சதுர மீட்டருக்குச் சுமார் 20 மில்லிஜூல் மட்டுமே. அலுமினியத்தில் அது 150-க்கும் மேல். ஆற்றல் குறைவாக இருப்பதால் பாதிகள் விலகி நிற்கின்றன. விலகி நிற்பவை மீண்டும் சேர்ந்தால்தான் பக்கத்துத் தளத்துக்குத் தாவ முடியும். 304-இல் அது எளிதல்ல. அதனால் ஸ்லிப் பிறந்த தளத்திலேயே ஓடுகிறது. அலுமினியத்தில் ஸ்லிப் கோடு நெளியும், 304-இல் அடிக்கோல் வைத்ததுபோல நேராக இருக்கும்.

இழுப்பு கூடும்போது அடுக்குப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. ஒவ்வொரு தளத்திலும் பிழை விழுந்தால் ட்வின், அதாவது கண்ணாடிப் பிம்பம்போல அடுக்கு திரும்பிய பட்டை. ஒன்றுவிட்டு ஒரு தளத்தில் விழுந்தால் எப்சிலான் மார்டென்சைட் (ஆஸ்டனைட் அடுக்குமுறை மாறி உண்டாவதே மார்டென்சைட்). இப்படிப்பட்ட இரண்டு பட்டைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஆல்ஃபா-பிரைம் மார்டென்சைட் முளைக்கிறது. காந்தத்தை இழுப்பது இந்த ஆல்ஃபா-பிரைம்தான். ஆஸ்டனைட்டும் எப்சிலானும் இழுக்காது.

தகடு, வெட்டு, ஒப்பீட்டுத் துண்டு

1 மி.மீ. தடிமன், அனீல் செய்த (சூடாக்கி மென்மையாக்கிய) 2பி ஃபினிஷ் (ஆலையிலிருந்து வரும் வழவழப்பான பரப்பு) 304 எடுங்கள். உலோகக் கலவையின் அளவுகளைச் சொல்லும் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டின் நகல் கட்டாயம் வேண்டும். கார்பன், நைட்ரஜன், நிக்கல் எண்கள் பின்னால் கணக்குக்குத் தேவைப்படும். ஷியரிங் மெஷினில் வெட்டினால் விளிம்பு கடுமையாகச் சிதைந்து அங்கேயே மார்டென்சைட் உண்டாகும். மின்பொறியால் கம்பி அறுக்கும் வயர்கட் நல்லது. இல்லையென்றால் நிறையத் தண்ணீர் விட்டு அப்ரேசிவ் சக்கரத்தில் மெதுவாக அறுங்கள். ஷியரில் வெட்டியதுதான் கிடைக்கிறது என்றால் ஒவ்வொரு விளிம்பிலும் குறைந்தது 2 மி.மீ. தேய்த்து நீக்குங்கள்.

இழுக்காத, வளைக்காத துண்டு ஒன்றை ஒதுக்கி வையுங்கள். இது ஒப்பீட்டுத் துண்டு. சிதைத்த மாதிரியோடு இதையும் ஒரே மவுண்ட்டில் (மாதிரியைப் பதிக்கும் பிளாஸ்டிக் கட்டி) வைத்து, ஒரே தாளில் தேய்த்து, ஒரே நேரத்தில் எட்ச் செய்ய (உள் அமைப்பு தெரியும்படி பரப்பை லேசாக அரிக்க) வேண்டும். இதில் பட்டைகள் தெரிந்தால் அவை பாலிஷ் செய்தவர் கைவண்ணம். பக்கத்து மாதிரியில் தெரிவதையும் நம்பக் கூடாது. இந்தத் துண்டு இல்லாத படங்களுக்கு மதிப்பில்லை என்றே சொல்லலாம்.

இழுப்பதா, வளைப்பதா

டென்சைல் மெஷின் இருந்தால் அதுவே சிறந்தது. 12.5 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் உள்ள பட்டைக்கு 10 கிலோநியூட்டன் மெஷின் போதும். மெல்லிய நுனியுள்ள மார்க்கரால் 50 மி.மீ. இடைவெளியில் இரு கோடு போடுங்கள். ஊசியால் கீற வேண்டாம், கீறலே சிதைவைத் தொடங்கி வைக்கும். கோடுகளின் இடைவெளி 51 மி.மீ. ஆனால் 2 சதவீதம், 52.5 ஆனால் 5, 60 ஆனால் 20. விசையை விட்டபின் அளந்ததைத்தான் எழுத வேண்டும். வேகத்தை நிமிடத்துக்கு 1 மி.மீ. அளவில் வைத்தால் பட்டை சூடாகாது. வேகமாக இழுத்தால் சிதைவு வெப்பம் வெளியேற நேரம் இருக்காது; பட்டை சூடாகி மார்டென்சைட் குறையும். இரண்டு ஆய்வகங்களின் முடிவு ஒத்துப்போகாததற்கு இது ஒரு பொதுவான காரணம்.

மெஷின் இல்லையென்றால் வைஸில் மூன்று உருளை ஜிக் வைத்து வளைக்கலாம். வளைவின் வெளிப்புறத் தோலில் விழும் இழுப்பு, தடிமனை ‘உள் ஆரத்தின் இருமடங்கு கூட்டல் தடிமன்’ என்பதால் வகுத்தால் வரும். 1 மி.மீ. தகட்டை 2 மி.மீ. உள் ஆரத்துக்கு வளைத்தால் 1/5, அதாவது 20 சதவீதம். 12 மி.மீ. ஆரம் என்றால் 4 சதவீதம். வெளிப்புறத்தின் நடுப்பகுதி எதையும் தொடாது என்பதால் பாலிஷ் கெடாது. ஆனால் சிறிய ஆரத்தில் பரப்பு வளைந்திருப்பதால் மைக்ராஸ்கோப்பில் ஒரு மெல்லிய பட்டை மட்டுமே ஃபோக்கஸில் நிற்கும். ஸ்லிப் கோட்டுக்குப் பெரிய ஆரம், மார்டென்சைட்டுக்குச் சிறிய ஆரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலிஷ்

240, 320, 400, 600, 1200 என்ற வரிசையில் தண்ணீர் ஓடும் சிலிக்கன் கார்பைடு தாள். தாள் மாற்றும்போதெல்லாம் மாதிரியை 90 டிகிரி திருப்புங்கள். முந்தைய தாளின் கீறல் மறைந்ததும் நிறுத்தத் தோன்றும். நிறுத்தாமல் அதே அளவு நேரம் இன்னொரு முறை தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கீறலுக்குக் கீழே அதைவிட ஆழமாகச் சிதைந்த அடுக்கு ஒன்று இருக்கிறது, அதுவும் போக வேண்டும். தேய்ந்த தாள் வெட்டாது, அமுக்கிப் பூசும். எனவே தாளில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பிறகு 6, 3, 1 மைக்ரான் வைரப் பசை. கடைசியில் 0.05 மைக்ரான் கொலாய்டல் சிலிக்கா, குறைந்த அழுத்தத்தில் பத்துப் பதினைந்து நிமிடம். முடிப்பதற்கு முன் துணி மேல் வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். சிலிக்கா காய்ந்துவிட்டால் கறை போகாது. இதற்குப் பிறகும் லேசாக எட்ச் செய்து, மீண்டும் சிலிக்காவில் போட்டு, மீண்டும் எட்ச் செய்யுங்கள். இரண்டு மூன்று சுற்றில் போலிப் பட்டைகள் மறைந்துவிடும், உண்மையானவை நிற்கும். எலக்ட்ரோ பாலிஷ் வசதி இருந்தால் இன்னும் சுத்தமாக வரும். ஆனால் பெர்குளோரிக் அமிலக் கலவை வெடிக்கக்கூடியது. பயிற்சியும் அதற்கென்ற ஃபியூம் ஹுட்டும் இல்லாத இடத்தில் அதைத் தொடக்கூடாது. பேக்கலைட் மவுண்ட்டோடு அதில் இறக்குவது ஆபத்திலும் ஆபத்து.

முதல் வழி: பாலிஷ் செய்துவிட்டுச் சிதைப்பது

ஸ்லிப் கோடுகளைப் பார்க்க இதுதான் வழி. மேற்பரப்புப் படிகள்தான் கோடாகத் தெரிகின்றன என்பதால் எட்ச் தேவையில்லை. 2 சதவீதத்தில் நிறுத்தி 200 மடங்கில் பாருங்கள். பல கிரெய்ன்களில் (உலோகத்தின் படிகத் துகள்கள்), ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே திசையில் இணைகோடுகள் இருக்கும். பக்கத்து கிரெய்னில் திசை வேறு. ஒரு கிரெய்னுக்குள்ளேயே அனீல் செய்தபோதே உண்டான நேர்விளிம்புள்ள அனீலிங் ட்வின் பட்டை இருந்தால், கோடு அதற்குள் நுழையும்போது மடங்கித் திசை மாறி, வெளியே வந்ததும் பழைய திசைக்குத் திரும்பும். கீறல் இப்படிச் செய்யாது. கிரெய்ன் எல்லையை மதிக்காமல் நேராகப் போகும் கோடு எதுவானாலும் அது கீறல்.

ஒளியைச் சாய்வாக விட்டாலோ உயர வேறுபாட்டை நிழல்போலக் காட்டும் நோமார்ஸ்கி வசதி இருந்தாலோ படிகள் எழும்பித் தெரியும். 5 முதல் 10 சதவீதத்துக்குள் அதே கிரெய்னில் இரண்டாவது கோட்டுக் குடும்பம் முதலாவதை வெட்டும். 20 சதவீதத்தில் கிரெய்ன்கள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி, முழுப் பார்வைப் புலத்தையும் ஒரே ஃபோக்கஸில் கொண்டுவர முடியாமல் போகும். வெறுங்கண்ணுக்கு இதுதான் ஆரஞ்சுத்தோல் சொரசொரப்பு. இது இழுப்போடும் கிரெய்ன் அளவோடும் சேர்ந்து கூடும். ஆகவே பளபளப்பு வேண்டிய டீப் டிரா (தட்டைத் தகட்டை அச்சுக்குள் அழுத்திப் பாத்திரமாக இழுக்கும்) வேலைக்கு ஏஎஸ்டிஎம் தர அளவில் 7 அல்லது 8 எண் கிரெய்ன், அதாவது சராசரியாக 30 முதல் 20 மைக்ரான், பொருத்தம். எண் 5-இல் அது 60 மைக்ரானைத் தாண்டும். பிறகு பஃபிங் செய்பவர் பாடு திண்டாட்டம்தான்.

படமெடுத்த பின் அதே இடத்தைச் சிலிக்காவில் லேசாகப் பாலிஷ் செய்யுங்கள். ஸ்லிப் கோடுகள் மறைந்துவிடும், ஏனென்றால் அவை வெறும் படிகள். பிறகு எட்ச் செய்ததும் ஏதாவது பட்டை திரும்பி வந்தால் அங்கே உள் அமைப்பே மாறியிருக்கிறது: ட்வின், மார்டென்சைட் அல்லது டிஸ்லொகேஷன் அடர்ந்த பட்டை.

இரண்டாம் வழி: சிதைத்துவிட்டுப் பாலிஷ், எட்ச்

100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் ஆக்ஸாலிக் அமிலம். மாதிரி பிளஸ், ஸ்டெயின்லெஸ் துண்டு மைனஸ், 6 வோல்ட், 10 முதல் 30 விநாடி. ஒயரை மாற்றி மாட்டினால் மாதிரியில் குமிழி மட்டும் வரும், எட்ச் ஆகாது. மவுண்ட்டின் பின்னால் துளை போட்டு மாதிரியைத் திருகு தொடும்படி செய்துகொள்ளுங்கள். கிரெய்ன் எல்லை கறுத்து அகலமான பள்ளமாகத் தெரிந்தால் தகட்டில் குரோமியம் கார்பைடு படிந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தகட்டை வைத்து மேலே போக வேண்டாம்.

கிரெய்ன் அளவு எண்ணும்போது அனீலிங் ட்வின்கள் குழப்பும், அவற்றை எண்ணக் கூடாது. 60 சதவீத நைட்ரிக் அமிலத்தில் 1 முதல் 1.5 வோல்ட்டில் எட்ச் செய்தால் கிரெய்ன் எல்லைகள் தெரியும், ட்வின் எல்லைகள் பெரும்பாலும் தெரியாது.

மார்டென்சைட்டுக்கு நிறம் ஏற்றும் பெராஹா கரைசல்: 100 மி.லி. தண்ணீர், 20 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், பயன்படுத்தும் நேரத்தில் அரை முதல் ஒரு கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். மாதிரியை மூழ்கடித்து லேசாக ஆட்டிக்கொண்டே இருங்கள். பரப்பு நிறம் மாறத் தொடங்கியதும் எடுத்துவிடலாம். கந்தக டைஆக்சைடு வெளிவரும் என்பதால் ஃபியூம் ஹுட்டுக்குள் மட்டும். கலந்த கரைசல் சில மணி நேரத்தில் வீரியம் இழக்கும், சேமிக்க வேண்டாம். ஆல்ஃபா-பிரைம் கருநிறமாகவும் ஆஸ்டனைட் வெளிறியும் நிற்கும். பட்டைகள் வெட்டும் இடங்களிலும் பட்டைகளுக்குள்ளும் சிறு ஊசிகளாகத் தேடுங்கள். தகட்டின் நடுத் தடிமனில் உருட்டிய திசையில் நீண்ட இழைகள் தெரிந்தால் அவை வார்ப்பிலிருந்து மிஞ்சிய டெல்டா ஃபெரைட். ஒப்பீட்டுத் துண்டிலும் அது இருக்கும்.

ட்வின்கள் ஒவ்வொன்றும் சில பத்து நானோமீட்டர் தடிமன்தான் என்பதால் ஆப்டிகலில் தனியாகப் பிரியாது. கட்டுக்கட்டாகச் சேர்ந்த பட்டைதான் தெரியும். ட்வினா எப்சிலானா என்று தீர்ப்பு சொல்ல எலக்ட்ரான் டிஃப்ராக்‌ஷன் வேண்டும். ஆப்டிகல் படத்தின் கீழ் அப்படிப் பெயர் எழுதாதீர்கள்.

எவ்வளவு மார்டென்சைட்?

உலோகத்தில் காந்தப் பகுதி எவ்வளவு என்று அளக்கும் ஃபெரைட்ஸ்கோப் காட்டும் எண்ணை 1.7-ஆல் பெருக்கினால் ஆல்ஃபா-பிரைம் சதவீதம் தோராயமாக வரும். மெல்லிய தகட்டிலும் விளிம்புக்கு அருகிலும் வெளிப்புறமாக வளைந்த பரப்பிலும் அது குறைத்துக் காட்டும். திருத்தக் காரணி கருவியின் கையேட்டில் இருக்கும். கருவி இல்லையென்றால் நூலில் தொங்கவிட்ட நியோடிமியம் காந்தம் ஒப்பீட்டுக்குப் போதும்.

எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட ஏஞ்சல் 1954-இல் தந்த சமன்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 413-இலிருந்து கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த சதவீதத்தை 462-ஆல், சிலிக்கனை 9.2-ஆல், மாங்கனீஸை 8.1-ஆல், குரோமியத்தை 13.7-ஆல், நிக்கலை 9.5-ஆல், மாலிப்டினத்தை 18.5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். கிடைக்கும் டிகிரி செல்சியஸில் 0.30 மெய்யிழுப்பு கொடுத்தால், அதாவது சுமார் 35 சதவீத நீட்சியில், பாதி உலோகம் மார்டென்சைட் ஆகும். கார்பன் 0.05, நைட்ரஜன் 0.04, சிலிக்கன் 0.45, மாங்கனீஸ் 1.2, குரோமியம் 18.2, நிக்கல் 8.1 என்றால் விடை 31 டிகிரி. நிக்கலை 10 ஆக்கினால் 13 டிகிரிக்கு இறங்கும். கார்பனைக் குறைத்தால் ஏறும். எனவே கார்பன் குறைந்த 304எல் என்றதும் ‘மென்மையானது, காந்தம் ஒட்டாது’ என்று முடிவுகட்டக் கூடாது, நிக்கலையும் பார்க்க வேண்டும். நிக்கல் 8.1 உள்ள தகட்டுச் சுருளும் 10 உள்ள சுருளும் 304 என்றே விற்கப்படும், இரண்டும் ஸ்பெசிஃபிகேஷனுக்குள்தான் இருக்கும், பிரஸ்ஸில் நடந்துகொள்வது மட்டும் வேறு.

வெப்பத்தின் பங்கைக் கண்ணால் பார்க்க, ஒரே சுருளில் வெட்டிய இரு பட்டைகளில் ஒன்றை ஐஸ் தண்ணீரிலும் இன்னொன்றைக் கொதிநீரிலும் வைத்து 2 மி.மீ. ஆரத்துக்கு வளையுங்கள். ஜிக்கும் நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் குளிர்ந்த வைஸில் வளைத்தால் தொட்ட நொடியில் வெப்பம் போய்விடும். ஐஸில் வளைத்தது காந்தத்தை நன்றாக இழுக்கும், கொதிநீரில் வளைத்தது ஏறக்குறைய இழுக்காது.

பிரஸ் ஷெட்டுக்கு இதில் என்ன இருக்கிறது

மார்டென்சைட் உண்டாவது கெடுதல் மட்டுமல்ல. இழுபடும் இடம் உடனே கடினமாவதால் சிதைவு பக்கத்துக்குப் பரவுகிறது. அனீல் செய்த 304 முறிவதற்கு முன் 40 சதவீதத்துக்கு மேல் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆழமான டிராவில் ஃபிளாஞ்ச் (இன்னும் அச்சுக்குள் போகாத விளிம்புத் தகடு) கடினமானால்தான் தொல்லை; அதை உள்ளே இழுக்கும் சுவர் தாங்காமல் கிழியும். அதனால்தான் டையையும் (குழி அச்சு) தகட்டின் விளிம்பை அழுத்திப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டரையும் 100 டிகிரி அளவில் சூடாக்கி, தகட்டை உள்ளே தள்ளும் பஞ்சைத் தண்ணீரால் குளிரவைக்கிறார்கள். ஃபிளாஞ்ச் மென்மையாக இருக்கும், பஞ்ச் முனையில் சுவர் மார்டென்சைட்டால் வலுவாகும்.

ஸ்பிரிங்பேக், அதாவது விசையை விட்டதும் தகடு சற்று மீண்டு விரிவது, கூடுவதும் இதே கணக்குதான். மீளும் இழுப்பு என்பது அழுத்தத்தை 193 கிகாபாஸ்கலால் வகுத்தது. 290 மெகாபாஸ்கலில் 0.15 சதவீதம்; வேலைப்பட்டு 800-ஐ எட்டிய பகுதியில் 0.41.

மாங்கனீஸ் கூடிய 200 வரிசைத் தகட்டில் டிரா செய்த பாத்திரம் பிரஸ்ஸிலிருந்து நன்றாக வந்து, சில மணி நேரமோ சில நாளோ கழித்து வாயிலிருந்து செங்குத்தாக வெடிப்பதுண்டு. மார்டென்சைட், வாயைச் சுற்றி மிஞ்சிய இழுவிசை, உலோகத்தில் கரைந்த ஹைட்ரஜன் மூன்றும் சேர்ந்த வேலை அது. ஒரே டிராவில் ஆழத்தை எட்டாமல் பிரித்துச் செய்வதும், வாய் விளிம்பை உடனே டிரிம் செய்வதும், அடுத்த நாளுக்கு வைக்காமல் அனீல் செய்வதும் பலன் தரும். ஷியரில் வெட்டிய பிளாங்கின் பிசிறு ஏற்கெனவே மார்டென்சைட் என்பதால், வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். பிசிறு நீக்காமல் மற்றவற்றைச் செய்து பயனில்லை.

அனீலிங் 1010 முதல் 1120 டிகிரிக்குள். உலைக்குப் போகுமுன் டிரா எண்ணெயை முழுக்க நீக்குங்கள். எரிந்த எண்ணெயின் கார்பன் தகட்டுக்குள் ஏறும். இறக்கும்போது 815-இலிருந்து 425 வரை வேகமாகக் கடக்க வேண்டும், இல்லையென்றால் கிரெய்ன் எல்லையில் கார்பைடு படிந்து துரு பிடிக்கும். குளிர்ந்ததும் மூலையில் காந்தத்தை வையுங்கள். ஒட்டாமல் இருப்பது மார்டென்சைட் திரும்பி ஆஸ்டனைட் ஆனதை மட்டும்தான் காட்டும். அது முழு அனீலிங் வெப்பத்துக்கு வெகு முன்பே நடந்துவிடும். புது கிரெய்ன்கள் உருவாகி மென்மை திரும்பியதா என்பதை விக்கர்ஸ் கடினத்தன்மையில் பாருங்கள். 150 முதல் 170-க்குள் வந்தால் அடுத்த டிராவுக்குத் தயார். 200-ஐத் தாண்டினால் உலையின் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் உணரி) உள்ளே அடுக்கிய சரக்கின் நடுவில் இருக்கிறதா, வாசலோரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.